புறாச் சுடப் போன பிரபு

1898 மார்ச் 3, வியாழன்

கப்பலின் கப்பித்தான் தனியாகத்தான் சாப்பிட வேண்டும் என்பது வெள்ளைக்காரக் கடற்படையின் வழக்கம். மற்ற உத்தியோகத்தர்கள் ஒரே மேசையில் கூடியிருந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவார்கள். கப்பித்தான் அந்த அறைக்குள் அழைப்பில்லாமல் கால் வைக்கக் கூடாது. எங்கள் கப்பித்தானோ பேசாமல் ஒரு கவளம் விழுங்கத் தெரியாதவர். அவருக்குக் காது வேண்டும். அந்தக் காது நான்தான், பட்லர் சந்தியாப்பிள்ளை. வெள்ளைக்காரர் வாயில் சாண்டி.

ஒவ்வொரு சாப்பாட்டிலும் அவருடைய வாழ்க்கையைக் கேட்டு என் தலை நிறைந்துவிட்டது. எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆகையால் கரைக்கு வரும்போதெல்லாம் கோயில் உபதேசியார் இஞ்ஞாசியிடம் வந்து சொல்கிறேன், அவர் எழுதுகிறார். இலக்கணம் அவருடையது, எரிச்சல் என்னுடையது.

எங்கள் கப்பித்தான் பிரபுவின் பெயர் லார்ட் பெரிகிரின் வெல்லம்பரோ. திருகோணமலைக்காரர் அதை நறுக்கி வெல்லத்துரை ஆக்கிவிட்டார்கள். பெரிய பிரபு ஒருவரின் மூன்றாம் மகன். மூத்தவனுக்கு நிலம், நடுவிலானுக்குக் கோயில், கடைசிக்குக் கடல் என்று பங்கு பிரித்தார்களாம். கடலிடம் சம்மதம் கேட்டார்களோ தெரியாது. பதினான்கு வயதில் பயிற்சிக்கு இந்தத் துறைமுகத்துக்கு வந்தார். அன்றைக்கே அவர் எடுத்த வாந்தியைத் துடைத்தவன் நான். அவருக்கு அது நினைவில்லை. அப்போது முகம் தெரியாமல் குனிந்திருந்தார். இன்றைக்கும் கப்பல் கொஞ்சம் ஆடினால் இஞ்சிச் சாறு கேட்பார், கதவைச் சாத்திக்கொண்டு.

இப்போது கப்பித்தான். புயலையும் போரையும் வென்று ஏறிய பதவி என்று அவர் சொல்வார். அவருடைய அத்தை, கடற்படை மந்திரியின் மனைவியோடு சீட்டு விளையாடுகிறவர். அதையும் அவரே சொல்வார், வேறொரு நாளில், வேறொரு கதையில்.

கப்பலுக்கும் ஏதோ பெரிய பெயர் உண்டு. அது கக்கும் புகையைப் பார்த்து ஊர் வைத்த பெயர் கரிச்சட்டி.

இன்று கடல் கொஞ்சம் பொங்கியது. நிரம்பிய சூப்புக் கோப்பையைத் தட்டில் வைத்து, குசினியிலிருந்து அவருடைய அறை வரைக்கும் கொண்டுபோனேன். தட்டில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் குடிக்கவுமில்லை.

மார்ச் 5, சனி

எங்கள் வேதத்தில் இது தபசு காலம். நான் மாமிசம் தொடுவதில்லை. பிரபுவுக்கு மாட்டிறைச்சி வறுத்தேன். மணமே எனக்குத் தபசு.

மார்ச் 8, செவ்வாய்

நேற்று, ஊரை ஆளும் ஏசண்டுத் துரை வீட்டு விருந்தில் யாரோ புறாத்தீவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நிலாவெளிக்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் சின்னக் கற்தீவு அது. மனிதர் இல்லை, புறாக்கள் மட்டும். உடனே பிரபு, அடுத்த விருந்துக்குப் புறாப் பணியாரம் என் செலவு என்று ஏசண்டுத் துரையின் பெண்சாதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் வெள்ளைக்காரப் பண்டம் அது. அந்த அம்மா சிரித்தாராம். அந்தச் சிரிப்பை எனக்கு நடித்தும் காட்டினார்.

"துரை, சின்ன வள்ளத்தில போகலாமே?" என்றேன்.

"வெல்லம்பரோ குடும்பம் வள்ளத்தில் வேட்டைக்குப் போனதில்லை, சாண்டி."

ஆகவே பீரங்கி ஏற்றிய கப்பல் புறாச் சுடப் போகிறது. பெயருக்குப் பீரங்கிப் பயிற்சி. அந்தப் பக்கத்துக் கடலடிக் கல்லும் பாரும் தெரிந்த ஆள் வேண்டும் என்று வழிகாட்டியாகக் கூப்பிட்டிருப்பது நிலாவெளிப் பாவிலுவை. என் மகள் மதலேனாளின் புருஷன்.

மாலையில் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாவிலு வலை தைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிர்த்தவில்லை.

"புறாவுக்கோ மாமா இந்தப் பெரிய கரிச்சட்டி?"

"ஓமடா."

"புறா கேட்டாச் சிரிக்கும்."

மதலேனாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இது அவளுக்குப் பிள்ளை பெறும் மாதம். "அப்பு, எனக்கும் ஒரு புறா கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றாள்.

மார்ச் 11, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று சொல்கிறேன். நேற்றுக் கரைக்கு வர முடியவில்லை. கப்பல் கல்லில் இருந்தது.

காலையில் கடல் எண்ணெய் போலக் கிடந்தது. பிரபு தொப்பிக்கு மேலே இன்னொரு தொப்பி வைத்தவர் போல உற்சாகமாக நின்றார். கையில் புறாச் சுடும் துவக்கு. பக்கத்தில் பாவிலு. பின்னால் இரண்டாவது துவக்கைப் பிடித்துக்கொண்டு நான். தீவு நெருங்கியது. கல்லிடுக்குகளில் புறாக்கள் தெரிந்தன.

பாவிலு கையை நீட்டினான். "துரை, இதுக்கு மேல போகேலாது. கல்லு." அதை நான் இங்கிலீசில் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

கொஞ்சம் போனோம். "துரை, தண்ணியின்ர நிறத்தைப் பாருங்கோ. நிப்பாட்டச் சொல்லுங்கோ." சொன்னேன்.

"புறா உட்கார்ந்திருக்கிறது, சாண்டி. எனக்குத் தெரிகிறது."

மூன்றாம் தரம் பாவிலு தமிழை நம்பவில்லை. இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றான். பிரபு அவனைத் துவக்குக் கட்டையால் ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் குறி பார்த்தார்.

சத்தம் கேட்டது. துவக்குச் சத்தமல்ல. கப்பலின் அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். குசினியில் தட்டுகள் எல்லாம் கொட்டின. பிரபு முழங்காலில் விழுந்தார். துவக்கு ஆகாயத்தைச் சுட்டது. அத்தனை புறாவும் எழுந்து ஒரு வட்டம் போட்டு, திரும்பி வந்து அதே கல்லில் உட்கார்ந்தன. ஒன்று எங்கள் கொடிமரத்துக்கு வந்தது.

கப்பலை இலேசாக்க நிலக்கரியைக் கடலில் கொட்டினார்கள். நிலாவெளி ஆட்கள் கேளாமலே வள்ளங்கள் கொண்டுவந்து ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பிரபு இரண்டு குடித்தார். இன்று மத்தியானம் இன்னொரு கப்பல் வந்து இழுத்து எடுத்தது. யாரும் சாகவில்லை. அடித்தகடு மட்டும் நெளிந்திருக்கிறது.

மார்ச் 14, திங்கள்

பாவிலுவைப் பிடித்துவிட்டார்கள். கோட்டைச் சிறையில் மறியல்.

குற்றம் இதுதான்: வேண்டுமென்றே கப்பலைக் கல்லில் ஏற்றினானாம். கப்பல் உடைந்தால் சாமான்களை அள்ளுவதற்கு ஊர் ஆட்களை வள்ளங்களோடு ஆயத்தமாக வைத்திருந்தானாம். இளநீர் கொண்டுவந்த வள்ளம் கொள்ளை வள்ளமாகிவிட்டது. குற்றம் உறுதியானால் கொழும்புக்குக் கொண்டுபோய் வருஷக்கணக்கில் கல் உடைக்க வைப்பார்கள்.

உறுதியாவது எப்படி? கப்பல் தரை தட்டினால் கப்பித்தானைக் கப்பித்தான்மார் கூடி விசாரிப்பார்கள். அவர் மீது பிழையில்லை என்று தீர்ந்தால் பிழை வழிகாட்டி மீது. அதற்குப் பிறகு ஊர்க் கோர்ட்டில் கேள்வி கூட இல்லை, தண்டனை மட்டும்தான்.

மதலேனாள் கோட்டை வாசலில் நின்றாள். உள்ளே விடவில்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். ஓடக் கூடாத உடம்பு.

"அப்பு, நீங்கள் அங்க நிண்டனீங்கள்தானே? கண்டனீங்கள்தானே? போய்ச் சொல்லுங்கோவன்!"

"சொல்லுறன் பிள்ளை."

"ஆருக்குச் சொல்லுவியள்? உங்கட துரைக்கோ?"

அந்த "உங்கட" என்ற சொல்லை அவள் சொன்ன விதம் நல்லதல்ல.

மார்ச் 17, வியாழன்

சாட்சி சொல்ல என்னைப் பதிந்துகொள்ளும்படி கேட்டேன். விசாரணை எழுதும் அதிகாரி நல்ல மனிதர், சிரித்தே பேசினார். வழிகாட்டியின் மாமனாரை அவர்கள் சாட்சியாக எடுப்பதில்லையாம். அதோடு எனக்குக் கண் சரியாகத் தெரியாத வயதாம். அவருடைய சட்டையில் மூன்றாவது பொத்தானின் நூல் இளகியிருந்தது. சொல்லவில்லை.

பிரபு சாப்பாட்டில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறார். சனிக்கிழமை சொன்னபோது புறா இருந்தது. திங்களன்று புறா தூரத்தில் பறந்தது. நேற்று அவர் கடலாழம் அளக்கப் போயிருந்தார், துவக்கு யாரோ மறந்து வைத்தது. இன்று பாவிலுவுக்குக் கள்ள முழி வந்துவிட்டது.

"ஆரம்பத்திலிருந்தே எனக்குச் சந்தேகம், சாண்டி. அந்த ஆள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை."

"துரை குறி பார்த்துக்கொண்டு நிண்டீங்கள்" என்றேன்.

"சரியாகச் சொன்னாய். கடமையில் குறியாக இருந்தேன்."

பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகமல்ல. மனிதர் தாம் சொல்வதை நம்புகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 20, ஞாயிறு

பூசை முடிந்து நேரே கப்பலுக்குப் போய்ப் பிரபுவின் முன்னே நின்றேன். உட்கார்ந்து கெஞ்சத் தெரியாது, நின்றே கெஞ்சினேன்.

"துரை, பாவிலு என்ர மருமகன். மூண்டு தரம் சொன்னவன். நான்தான் உங்களுக்கு இங்கிலீசில சொன்னனான். மகளுக்கு இது மாதம்."

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். கண் கூடக் கலங்கியது. கல்நெஞ்சன் என்று சொல்ல முடியாது.

"சாண்டி, எனக்கு உன் வேதனை விளங்குகிறது. ஆனால் ஒரு கனவானின் மானம் அவனுக்கு மட்டும் சொந்தமல்ல. நானூறு வருஷத்துக் குடும்பம். எங்கள் பாட்டனார் ஒருவர் அரசருக்காகத் தலையைக் கொடுத்தார்."

"என்ர மருமகன் உங்களுக்காகக் குடுக்கிறான்" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"மகளுக்கு ஏதாவது செய்வோம்" என்றார். "நல்ல போர்வை ஒன்று இருக்கிறது."

போர்வையைத் தந்தார். திருகோணமலையில், பங்குனி வெயிலில், கம்பளிப் போர்வை.

மார்ச் 22, செவ்வாய்

மதலேனாள் சாப்பிடவில்லை. பிரபு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 25, வெள்ளி

விசாரணை நேற்றுத் தொடங்கியது. துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பலின் பின்னறையில். ஐந்து கப்பித்தான்மார், தலைமைக்கு ஒரு கிழவர். அவருக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி எந்தப் பையில் என்று தேடுவதில் பாதி நேரம் போகிறது. தேநீரும் மத்தியானச் சாப்பாடும் கொடுக்க, பழகிய ஆள் வேண்டும் என்று என்னை இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

மேசைக்குப் பச்சை விரிப்பு. அதன் நடுவில் பிரபுவின் வாள். விசாரிக்கப்படுகிற உத்தியோகத்தன் தன் வாளைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். தீர்ப்புக்கு முன்னால் அவனை வெளியே அனுப்புவார்கள். திரும்பக் கூப்பிடும்போது வாளின் பிடி அவன் பக்கம் இருந்தால் தப்பினான். நுனி அவன் பக்கம் இருந்தால் குற்றவாளி. யாரும் வாய் திறப்பதற்கு முன்னே அவனுக்குத் தெரிந்துவிடும். இது அவர்களுடைய வழக்கம்.

பாவிலுவைக் கொண்டுவந்தார்கள். மெலிந்திருந்தான். அரசாங்கக் கச்சேரி முதலியார் மொழிபெயர்த்தார்.

"எத்தனை தரம் எச்சரித்தாய்?"

"மூண்டு தரம் ஐயா."

"யாரிடம்?"

"மாமாட்டச் சொன்னன். மாமா துரையிட்டச் சொன்னார்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆக, கப்பித்தானிடம் நீ நேராக ஒன்றுமே சொல்லவில்லை." எழுதிக்கொண்டார்கள். நான் தேநீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றேன்.

இன்று பிரபு பேசினார். கள்ள முழி, கொள்ளை வள்ளம், கடலாழம் எல்லாம் வந்தன. புறா வரவில்லை. கப்பித்தான்மார் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். அவர்களில் இரண்டு பேர் அத்தையைத் தெரிந்தவர்கள்.

சாயங்காலம் பிரபு சூப்பைத் தொடவில்லை. "நாளைக்கு உள்ளே போகும்போது நான் எங்கே பார்ப்பேன், சாண்டி? அந்த நுனி கனவில் வருகிறது. நுனியைக் கண்டால் என்னால் நிற்கவே முடியாது."

"நீங்கள் தப்புவீங்கள் துரை" என்றேன். மத்தியானம் கோப்பைகளை எடுக்கும்போது காதில் விழுந்ததைத்தான் சொன்னேன்.

மார்ச் 26, சனி

இன்றைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உபதேசியார் இரண்டாவது மைக்கூடு எடுத்துவிட்டார்.

பிரபுவை வெளியே அனுப்பினார்கள். தீர்மானிக்க ஒரு கோப்பைத் தேநீர் நேரம் கூட ஆகவில்லை. கிழவர் வாளின் பிடியை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். பாவிலுவைக் கொழும்புக்கு அனுப்பும் கடுதாசியும் ஆயத்தம். பிறகு வெக்கை தாங்காமல் ஐந்து பேரும் எழுந்து பின் ஜன்னலுக்குப் போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார்கள். "மேசையைத் துப்புரவாக்கு, சாண்டி, பெண்கள் வருகிறார்கள்" என்றார் கிழவர். தீர்ப்புச் சொல்லும்போது ஊர்ப் பெரியவர்களை உள்ளே விடுவார்கள்.

கோப்பைகளை எடுக்கும்போது என் கை நடுங்கிவிட்டது. தேநீர் பச்சை விரிப்பில் கொட்டிவிட்டது. வயது. ஈர விரிப்பை வைத்திருக்க முடியுமா? வாளை எடுத்துப் பக்க மேசையில் வைத்தேன், விரிப்பை மாற்றினேன், வாளைத் திரும்ப வைத்தேன். மேசையில் கத்தி வைத்துப் பழகியவன், கத்தியை வைப்பது போல வைத்திருப்பேன். எழுத்தறியாத கிழவனுக்கு வாள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யார் சொல்லித் தந்தார்கள்?

உபதேசியார் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்கோ.

கதவைத் திறந்தார்கள். ஏசண்டுத் துரை, அவர் பெண்சாதி, கோயில் சாமியார், கச்சேரி முதலியார், இன்னும் பலர் வந்து நின்றார்கள். கப்பித்தான்மார் அவசரமாகச் சுருட்டை எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கிழவர் கண்ணாடியைத் தேடினார். முதல் பையில் இல்லை. பிரபு உள்ளே வந்தார்.

அவர் வேறு எங்கும் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தார். நுனி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முகம் சுண்ணாம்பாகிவிட்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "எனக்குத் தெரியும்! அந்த மனிதன் மூன்று தரம் சொன்னான். கையை விரித்துக் குறுக்கே நின்றான். நான்தான் தள்ளிவிட்டேன். எனக்குப் புறா வேண்டியிருந்தது!"

"உட்காரும், லார்ட் பெரிகிரின்!" கிழவருக்குக் கண்ணாடி இரண்டாவது பையிலும் இல்லை.

"திருமதிக்குப் பணியாரம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்..."

ஏசண்டுத் துரையின் பெண்சாதி விசிறியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயோ மனுஷா, உமக்கு விடுதலை!" என்று கத்தினார் கிழவர்.

எழுதுகிறவன் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தான். கச்சேரி முதலியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தமக்குத் தெளிவாகக் கேட்டது என்றார். சாமியாரும் தமக்குக் கேட்டது என்றார். இருபது பேர் கேட்டதைக் கடலில் கொட்டுவதற்கு அது நிலக்கரி அல்ல.

மறுபடியும் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். வாள் எப்படித் திரும்பியது என்று கப்பித்தான்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கிழவர்தான் வைத்தவர், கிழவருக்குக் கண் தெரியாது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

பொழுது சாய்வதற்கு முன் பாவிலு வீட்டுக்கு வந்துவிட்டான். மதலேனாள் அவனுடைய கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அழுதாள். "இனிக் கரிச்சட்டியில ஏறுவியோ?" என்றாள். "புறா மேல ஆணை, ஏறமாட்டன்" என்றான்.

மார்ச் 31, வியாழன்

பிரபுவுக்கு ஒரு கண்டனக் கடுதாசி கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

இல்லை, அவ்வளவு இல்லை. விடுதலை கிடைத்த பிறகும் ஓர் ஏழை மீனவனுக்காகத் தம் பெயரைத் தாமே கெடுத்துக்கொண்ட மகான் என்று ஊரெல்லாம் பேச்சு. ஏசண்டுத் துரையின் பெண்சாதி விருந்து வைத்தார், கோழிப் பணியாரத்தோடு. கொழும்புப் பேப்பரில் வந்திருக்கிறதாம். அத்தை தந்தி அடித்திருக்கிறார். மால்டாவில் இதைவிடப் பெரிய கப்பல் கொடுப்பார்களாம்.

"உண்மை என்று வந்தால், சாண்டி, வெல்லம்பரோ குடும்பம் வாளின் நுனிக்கும் அஞ்சியதில்லை" என்றார் இன்று காலை. நுனியைப் பற்றி அவர் பேசியது அதுதான் கடைசி.

ஏப்ரல் 4, திங்கள்

நேற்று மதலேனாளுக்கு ஆண்பிள்ளை. இரண்டு உயிரும் சுகம்.

இன்று பாவிலு துறையடிக்கு வந்தான். தோளில் அவனுடைய உயரத்தில் பாதி நீளமான பாரை மீன்.

"துரைக்கு, மாமா. இதுதான் என்னால ஏலும். தன்ர மானத்தை விட்டு என்னைக் காப்பாத்தின மனிசன்."

"ஓம்" என்றேன்.

"நாங்கள் ரெண்டு பேரும் யோசிச்சு வச்சிட்டம். பிள்ளைக்குப் பெரிகிரின் எண்டு பேர். சாமியார் எங்கட வேதத்தில அந்தப் பேரில ஒரு அர்ச்சிஷ்டவர் இருக்கிறார், வைக்கலாம் எண்டிட்டார்."

கடலைப் பார்த்தேன். அந்த வாளைப் பற்றி ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அது உபதேசியாரோடு நிற்காது, பாவிலு வாயில் நிற்காது, நாளைக்கு முதலியார் காதில் இருக்கும். மறுபடியும் கோட்டை.

"நல்ல பேர்" என்றேன்.

"நீங்கள்தான் மாமா ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனா நிக்கவேணும்."

"நிக்கிறன்."

மீனைக் குசினிக்குக் கொண்டுபோய் வெட்டினேன். நல்ல பாரை, வெண்ணெய் போலச் சதை. நடுத்துண்டுகளை எல்லாம் வாழையிலையில் சுற்றி, பிள்ளை பெற்றவளுக்கு என்று பாவிலு கையிலேயே திருப்பிக் கொடுத்தனுப்பினேன். தலை எனக்குச் சொதிக்கு. வால் பக்கம் பிரபுவுக்கு. பாலும் மாவும் வெண்ணெயும் கலந்து வெள்ளைச் சாறு காய்ச்சி, எலும்பு தெரியாமல் மேலே ஊற்றினேன்.

பிரபு கண்ணை மூடிச் சாப்பிட்டார்.

"அந்த வழிகாட்டி நல்ல மனிதன், சாண்டி. ஒரு குறைதான். மூன்று தரத்தோடு விட்டுவிட்டான். நாலாம் தரமும் சொல்லியிருந்தால் நான் கப்பலைத் திருப்பியிருப்பேன்."

"அவனிட்டச் சொல்லுறன் துரை" என்றேன்.

முள்ளொன்றை வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இந்தக் கடலில் தாம் தின்றதிலேயே மிகச் சிறந்த துண்டு இதுதான் என்றார். இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றினேன்.